முதுகில் கப் வைப்பதற்கு முன்னால்...

(புதுச்சேரியில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், குழுப் பிரதிநிதிகளிடம் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



கணக்கு, வங்கிக் கடன், தவணை என்று பேசித்தான் நம் கூட்டம் வழக்கமாக முடியும். இன்றைக்கு நம் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். தீர்மானப் புத்தகத்தில் பார்த்த ஒரு வரிதான் அதற்குக் காரணம். "மருத்துவச் செலவுக்கு உள்கடன் ரூ. 6,000" என்று அதில் எழுதியிருந்தது. என்ன மருத்துவம் என்று கேட்டோம். "முதுகுல கப் வெச்சு கெட்ட ரத்தம் எடுக்கறாங்களே, அதுதான்" என்றார்கள்.

டவுனுக்கு வரும்போது நீங்களும் போர்டுகளைப் பார்த்திருப்பீர்கள். கப்பிங் என்றும் ஹிஜாமா என்றும் சீன வைத்தியம் என்றும் போட்டிருக்கும். முதுகில் வரிசையாகக் கண்ணாடிக் கிண்ணம் கவிழ்த்த படமும் இருக்கும். நம் உறுப்பினர்கள் பலர் போய் வந்திருக்கிறார்கள். போனது தப்பு என்று சொல்ல நாங்கள் வரவில்லை. அது என்ன, எதற்கு உதவும், எதற்கு உதவாது, யாருக்கு ஆகாது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

கப் எப்படி ஒட்டிக்கொள்கிறது?

சூடான ரசத்தை எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி உடனே மூடி போட்டு வைக்கிறோம். ஆறின பிறகு திறந்தால் மூடி வருமா? இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். உள்ளே சூடாக இருந்த காற்று ஆறும்போது சுருங்கிவிடுகிறது. வெளியே இருக்கிற காற்று மூடியை அழுத்துகிறது. வேறு ஒன்றும் இல்லை.

கப்பிங்கும் இதே கதைதான். கிண்ணத்துக்குள் ஒரு நொடி நெருப்பைக் காட்டி, உடனே தோல் மேல் கவிழ்ப்பார்கள். உள்ளே காற்று ஆறி, தோலும் சதையும் மேலே உறிஞ்சப்படும். இப்போது பல இடங்களில் நெருப்பு கிடையாது. பிளாஸ்டிக் கப்பில் கைப்பம்பு வைத்துக் காற்றை இழுத்துவிடுகிறார்கள்.

இதில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்று, வெறுமனே கப் வைத்துச் சில நிமிடம் கழித்து எடுத்துவிடுவது. இதை உலர் கப்பிங் என்கிறார்கள். இன்னொன்று, தோலில் பிளேடால் சின்னச் சின்னதாகக் கீறி, அதன் மேல் கப் வைத்து ரத்தம் எடுப்பது. இது ஈர கப்பிங். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் ரொம்ப இருக்கிறது. அதை மறக்காதீர்கள்.

இது புதுசா, பழசா?

ரொம்பப் பழசு. சீனாவில் மாவாங்துய் என்ற இடத்தில் 1973-ல் ஒரு பழைய கல்லறையைத் தோண்டினார்கள். 2,100 வருடத்துக்கு மேல் மூடிக் கிடந்த அந்தக் கல்லறையில், பட்டுத்துணியில் எழுதிய மருத்துவக் குறிப்புகள் கிடைத்தன. கொம்பு வைத்து உறிஞ்சுகிற வைத்தியம் அதிலேயே வருகிறது. பிறகு கொம்பு போய் மூங்கில் வந்தது, மூங்கில் போய்க் கண்ணாடி வந்தது.

நம் நாட்டிலும் இது இருந்தது. ஆயுர்வேதத்தின் பழைய நூலான சுஸ்ருத சம்ஹிதையில் ரத்தம் எடுக்க அட்டை, பசுக்கொம்பு, சுரைக்குடுக்கை மூன்றும் சொல்லப்படுகின்றன. நம் சித்த மருத்துவத்தில் வெளிமருந்து 32 வகை. ஒற்றடம், பற்று, வேது எல்லாம் அதில் வருவதுதான். அட்டை விடல், உறிஞ்சல், குருதி வாங்கல் என்பவையும் அதே பட்டியலில் இருக்கின்றன. ஹிஜாமா என்பது யுனானி மருத்துவத்தில் உள்ள முறை. முஸ்லிம் சகோதரிகள் அதை மார்க்க வழியிலும் மதிக்கிறார்கள். அந்த மரியாதையை நாமும் கொடுக்க வேண்டும்.

அப்புறம் 2016-ல் ரியோ ஒலிம்பிக் நடந்தது. அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் தோளில் வட்ட வட்டமாகக் கறுப்புத் தழும்போடு நின்றார். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. அதன் பிறகு இந்த வைத்தியத்துக்குப் புது மவுசு வந்துவிட்டது.

பழசு என்பதால் எல்லாம் நல்லது என்றும் இல்லை, எல்லாம் பொய் என்றும் இல்லை. பாட்டி வைத்தியத்தில் சுக்குக் கஷாயத்தை வைத்துக்கொண்டோம். பிறந்த குழந்தையின் தொப்புளில் சாம்பல் வைப்பதை விட்டுவிட்டோம். அப்படித்தான் இதையும் பார்க்க வேண்டும்.

பிரெஞ்சு ஆஸ்பத்திரியில் ஒருவர் பட்டது

நம் புதுச்சேரிக்கும் பிரான்சுக்கும் இருக்கிற தொடர்பு உங்களுக்குத் தெரியும். 1823-லேயே பிரெஞ்சுக்காரர்கள் இங்கே ஒரு மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார்கள். இன்றைய ஜிப்மரின் வேர் அதுதான். அந்த பிரான்சு நாட்டிலும் சளி, இருமல் என்றால் வீட்டிலேயே முதுகில் கண்ணாடிக் கப் வைக்கிற பழக்கம் ரொம்பக் காலம் இருந்தது. அதை அவர்கள் 'வாந்தூஸ்' என்பார்கள்.

ஜார்ஜ் ஆர்வெல் என்று ஓர் ஆங்கில எழுத்தாளர். நம் பீகாரில் மோத்திஹாரி என்ற ஊரில் 1903-ல் பிறந்தவர். 1929-ல் கையில் காசில்லாமல் பாரிஸில் இருந்தபோது நுரையீரல் காய்ச்சல் வந்து, ஏழைகள் போகிற ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அங்கே நடந்ததை 1946-ல் ஒரு கட்டுரையாக எழுதினார்.

எதிர்க் கட்டிலில் இருந்த நோயாளிக்கு ஒரு டாக்டரும் ஒரு மாணவரும் கப் வைத்தார்கள். முடித்ததும் இவரிடம் வந்தார்கள். அதே கிண்ணங்கள்தான், கழுவவில்லை, சுத்தம் செய்யவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் இவரைத் தூக்கி உட்கார வைத்து முதுகில் வைத்துவிட்டார்கள். அப்புறம் முதுகைக் கீறி ரத்தமும் எடுத்தார்கள். இவர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். யாரும் காதில் வாங்கவில்லை. ஒரு மிருகத்தை நடத்துவது போல நடத்தினார்கள் என்று எழுதியிருக்கிறார்.

இந்தக் கதையை எதற்குச் சொல்கிறோம்? கிண்ணத்தைச் சுத்தம் செய்தார்களா, உங்களிடம் கேட்டுவிட்டுச் செய்தார்களா என்ற இரண்டு கேள்விகள் இதில் இருக்கின்றன. கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்தும் நாம் கேட்க வேண்டியது அதே இரண்டு கேள்விகளைத்தான்.

"கெட்ட ரத்தம்" என்பது உண்மையா?

கப் எடுத்ததும் தோல் கறுப்பாக இருக்கும். "பாருங்கம்மா, எவ்வளவு கெட்ட ரத்தம்" என்பார்கள். நமக்கும் பயம் வந்துவிடும், இன்னும் நாலு தடவை போகலாம் என்று தோன்றும்.

குடத்தை இடித்துக்கொண்டால் தொடையில் ரத்தம் கட்டிக் கறுத்துப்போகிறதே, இதுவும் அதே மாதிரிதான். உறிஞ்சுகிற வேகத்தில் தோலுக்கு அடியில் இருக்கிற நூல் போன்ற ரத்தக் குழாய்கள் உடைந்து ரத்தம் கசிகிறது. நல்ல ஆரோக்கியமான ஆளுக்கு வைத்தாலும் கறுக்கத்தான் செய்யும். கீறி எடுக்கிற ரத்தம் கட்டியாகவும் கருஞ்சிவப்பாகவும் இருப்பதும் இயல்பு. வெளியே வந்த ரத்தம் உறையும். அது வியாதியின் அடையாளம் இல்லை.

நம் ரத்தத்தில் சேருகிற கழிவைப் பிரிக்கிற வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் இரவு பகலாகப் பார்க்கின்றன. முதுகில் நாலு கீறல் போட்டு எடுத்தால் கழிவு மட்டும் தனியாக வராது. நல்ல ரத்தமும் சேர்ந்துதான் வரும்.

அப்போ வலி குறைகிறதே, அது எப்படி?

குறைகிறது என்று பலர் சொல்கிறார்கள். அதைப் பொய் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். கழுத்து வலி, இடுப்பு வலிக்குக் கப்பிங் செய்து பார்த்த ஆய்வுகள் உலகத்தில் நிறைய உண்டு. சில பேருக்குக் கொஞ்ச நாளைக்கு வலி குறைகிறது என்று அவை காட்டுகின்றன. ஆனால் அவற்றில் பல, சில பேரை மட்டும் வைத்துச் செய்த சின்ன ஆய்வுகள். அதனால் உறுதியாக எடுத்துக்கொள்ள முடியாது என்று மருத்துவ அறிஞர்கள் சொல்கிறார்கள். இறுகிப்போன சதை இழுபட்டுத் தளர்வது ஒரு காரணமாக இருக்கலாம். ஒருவர் நம்மைப் படுக்க வைத்துக் கவனிப்பதே பாதி சுகம் தரும்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, கர்ப்பப்பைக் கட்டி, குழந்தையின்மை எல்லாம் கப்பிங்கில் குணமாகும் என்பதற்கு நம்பத் தகுந்த ஆதாரம் இல்லை. அதை நம்பி மாத்திரையை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. சர்க்கரை, ரத்த அழுத்தம், புற்றுநோய், மாதவிலக்குக் கோளாறு போன்றவற்றைக் குணமாக்குவதாக மருந்துக்கோ மாயப் பொருளுக்கோ விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954-லேயே மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது. பஸ்ஸில் கொடுக்கிற நோட்டீஸில் "சர்க்கரை நோய் நிரந்தரக் குணம், உத்தரவாதம்" என்று போட்டிருந்தால் உஷாராகிவிடுங்கள்.

6,000 ரூபாய் வாங்கிய அக்கா

இப்போது அந்த உள்கடன் கதைக்கு வருவோம். அந்த அக்கா பெயரைச் சொல்ல மாட்டோம். பெயர் வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள் என்று அவரே அனுமதி கொடுத்தார்.

நடவு, களை எடுப்பு என்று குனிந்தே வேலை செய்கிறவர். இரண்டு வருடமாக இடுப்பு வலி. நாத்தனார் சொன்னதைக் கேட்டு டவுனில் ஓர் இடத்துக்குப் போனார். ஒரு தடவைக்கு 1,500 ரூபாய், நாலு தடவை வர வேண்டும் என்றார்கள். குழுவில் கடன் வாங்கினார். முதல் தடவை முடிந்து பத்து நாள் நன்றாக இருந்தார். அடுத்த மூன்று தடவையும் கீறி ரத்தம் எடுத்தார்கள். நாலாவது தடவை முடிந்து வரும்போது பஸ்ஸில் ஏறுகிற இடத்திலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்தோம். ஹீமோகுளோபின் 7. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தால் ரத்த சோகை. ரத்த தானம் கொடுக்கவே 12.5 இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. 7 இருக்கிற உடம்பிலிருந்து போய் ரத்தம் எடுத்திருக்கிறார்கள்.

சுகாதார நிலைய டாக்டரம்மா விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு வருடமாக மாதவிலக்கு பத்து நாள், பன்னிரண்டு நாள் போகிறது. நம் பாட்டிமார் பெரும்பாடு என்று சொல்வார்களே, அதுதான். ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி இருந்தது. இடுப்பு வலி, சோர்வு, மூச்சு வாங்குதல் எல்லாவற்றையும் வயல் வேலையின் அசதி என்றே அவர் நினைத்திருந்தார். இப்போது சிகிச்சையில் இருக்கிறார், தேறி வருகிறார்.

இதில் எங்கள் தப்பும் இருக்கிறது. அந்தத் தீர்மானத்தில் எங்கள் கையெழுத்தும் உண்டு. மாட்டுக் கடன் என்றால் மாட்டைப் போய்ப் பார்க்கிறோம், பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், பால் எவ்வளவு என்று கேட்கிறோம். மருத்துவக் கடன் என்றதும் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

அந்த அக்கா சொன்ன ஒரு வார்த்தைதான் எங்களைத் தூங்கவிடவில்லை. "ஏன் அக்கா மொதல்லயே ஆஸ்பத்திரிக்குப் போகல?" என்று கேட்டோம். "போனேம்மா. வாசல்ல நின்னு சொல்றதுக்குள்ள மாத்திரை எழுதிட்டாங்க. வீட்லயும் சொன்னேன், எல்லாருக்கும்தான் வலிக்குதுன்னாங்க. அங்க போன இடத்துலதான், எங்க வலிக்குது, எத்தன நாளா வலிக்குதுன்னு தொட்டுக் கேட்டாங்க" என்றார்.

யோசித்துப் பாருங்கள். 6,000 ரூபாய் அவர் கப்புக்கு மட்டுமா கொடுத்தார்? தன் வலியை ஒருவர் காது கொடுத்துக் கேட்டதற்கும் சேர்த்துத்தான் கொடுத்தார். வாரா வாரம் இருபது பேர் வட்டமாக உட்காருகிறோம். சேமிப்பு எவ்வளவு, தவணை கட்டியாச்சா என்று கேட்டோம். உடம்பு எப்படி இருக்கு என்று நாம் ஒருவரும் கேட்கவில்லையே?

நம்மில் எத்தனை பேருக்கு?

இது ஒரு அக்கா பிரச்சினை இல்லை. 2019–21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்த சோகை. நம் புதுச்சேரியிலும் பாதிக்கு மேல். அப்படியென்றால் இருபது பேர் இருக்கிற குழுவில் பத்துப் பேருக்காவது ரத்தம் குறைவாக இருக்கலாம். குறைவாக இருக்கிற ரத்தத்தை இன்னும் எடுத்தால் என்ன ஆகும்? திரும்பத் திரும்ப ஈர கப்பிங் செய்துகொண்டதால் ரத்த சோகை வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள்.

கப்பிங் யாருக்கு ஆகாது?

- ரத்த சோகை உள்ளவர்கள், மாதவிலக்கு அதிகம் போகிறவர்கள் (முக்கியமாக ஈர கப்பிங்).
- கர்ப்பிணிகள்.
- இருதய நோய்க்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள்.
- சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள். கீறல் சீக்கிரம் ஆறாது, சீழ் பிடிக்கும்.
- தோலில் புண், சொறி, நரம்புச் சுருட்டு உள்ள இடம்.
- சின்னப் பிள்ளைகள், உடம்பு தளர்ந்த வயதானவர்கள்.

போகத்தான் வேண்டும் என்றால் கேட்க வேண்டியவை

1. நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள்? யுனானி மருத்துவருக்கு பி.யு.எம்.எஸ்., சித்த மருத்துவருக்கு பி.எஸ்.எம்.எஸ். என்று பட்டம் உண்டு, பதிவு எண்ணும் இருக்கும். சில நாள் பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பவர் மருத்துவர் ஆக மாட்டார்.

2. பிளேடு புதுசா? நம் கண் முன்னால் உறை பிரிக்க வேண்டும். ரத்தம் பட்ட கப்பை அடுத்தவருக்கு வைக்கவே கூடாது. ஒருவர் ரத்தம் இன்னொருவருக்குப் பட்டால் மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. கிருமிகள் பரவலாம். தண்ணீரில் அலசினால் போகாது.

3. கீறப் போகிறீர்களா? அதை முன்னாலேயே சொல்ல வேண்டும். நாம் சரி என்றால்தான் செய்ய வேண்டும். பாதியில் வேண்டாம் என்று சொல்லவும் நமக்கு உரிமை உண்டு.

4. என் ஹீமோகுளோபின் எவ்வளவு, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டீர்களா? கேட்காமல் பிளேடை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டில் ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்து நாமே முயற்சி செய்வது வேண்டவே வேண்டாம். முதுகு வெந்துபோனவர்கள் இருக்கிறார்கள்.

வேறு என்ன செய்யலாம்?

ஹீமோகுளோபின் பரிசோதனை நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். இரும்புச் சத்து மாத்திரையும் இலவசம். மாத்திரையை டீ, காபியோடு போடாதீர்கள், சத்து உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காயோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயப்பட்டு நிறுத்த வேண்டாம். முருங்கைக்கீரை, கேழ்வரகு, கருவாடு, முட்டை என முடிந்ததைச் சாப்பிடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் போட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிற பழக்கத்தையும் கொஞ்சம் மாற்றுங்கள்.

மாதவிலக்கு ஏழு நாளைத் தாண்டினாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ, தீட்டு நின்ற பிறகு மறுபடி ரத்தம் பட்டாலோ தள்ளிப்போடாதீர்கள். எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி அரசு பெண்கள் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. இடுப்பு வலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெறும் சதைப் பிடிப்பு என்றால் வெந்நீர் ஒற்றடம், நல்லெண்ணெய் தேய்த்தல், டாக்டர் சொல்லித் தருகிற இடுப்புப் பயிற்சி இவையே நிறைய உதவும். செலவும் இல்லை.

இன்று நாம் எடுத்த தீர்மானங்கள்

கூட்டத்தில் எல்லோரும் பேசி முடிவு செய்தவை இவை. உங்கள் குழுத் தீர்மானப் புத்தகத்திலும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று: ரத்தம் எடுக்கிற எந்த வைத்தியத்துக்கும் உள்கடன் கேட்டால், முதலில் ஹீமோகுளோபின் சீட்டைக் காட்ட வேண்டும். கடனை மறுப்பதற்கு அல்ல, உறுப்பினரைக் காப்பதற்கு.

இரண்டு: அவசர மருத்துவக் கடனை, 108-ல் ஏற்றி அனுப்புகிற மாதிரிக் கேஸை, எந்தக் கேள்வியும் இல்லாமல் உடனே கொடுக்க வேண்டும்.

மூன்று: ஒவ்வொரு கூட்டத்திலும் சேமிப்பு வாங்குவதற்கு முன்னால் கால் மணி நேரம் "உடம்பு எப்படி இருக்கு?" என்று ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். அங்கே பேசியதை வெளியே பேசக்கூடாது.

நான்கு: ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகப் பயப்படுகிறவருடன் ஓர் உறுப்பினர் துணைக்குப் போக வேண்டும். ஒருவர் கூட நின்றால் வாசலில் நின்றே மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியிருக்காது. உட்கார்ந்து சொல்லலாம்.

அந்த அக்கா இப்போது மாதம் 500 ரூபாய் வீதம் அந்தக் கடனைக் கட்டுகிறார். போன வாரம் தவணை கட்டும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: "இந்தப் பணத்துக்கு ரெண்டு ஆடு வாங்கியிருக்கலாம்." எல்லோரும் சிரித்தோம். பிறகு பக்கத்தில் இருந்த தங்கச்சி ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "எனக்கும் பத்து நாள் போகுதுக்கா." அடுத்த நாளே அந்த அக்காதான் அவளைக் கூட்டிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனார்.

உங்கள் குழுவிலும் அப்படிச் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிற ஒருத்தி இருப்பாள். அடுத்த கூட்டத்தில் அவளிடம் கேளுங்கள்.